வாய்தா என்றால் வாக்கு

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். வழக்கை வேறு தேதிக்குத் தள்ளிவைப்பதைத்தான் நீதிமன்றத்தில் வாய்தா என்கிறோம். வக்கீல் வாயைத் திறந்தால் நீதிபதி தருவதுதான் வாய்தா, அது வாயும் தாவும் சேர்ந்த சுத்தத் தமிழ்ச் சொல் என்று அந்தப் பேச்சாளர் முழங்கினார். அரங்கமே கைதட்டியது. அது அரபியில் பிறந்து உருது வழியாக வந்த சொல் என்று எழுந்து சொன்னேன். "தமிழ்மீது உங்களுக்கு என்ன கோபம்?" என்று கேட்டுவிட்டார். இன்னும் ஆறவில்லை.

வாய்தா என்றால் வாக்கு. உருதுவில் இன்றும் 'வாதா' என்றால் வாக்குறுதிதான். நம் ஊரில் நிலத்தீர்வை கட்டும் தவணைக்கும் வாய்தா என்றே பெயர். குறித்த நாளில் கட்டுகிறேன் என்று குடியானவன் கொடுத்த வாக்கு அது. வாய்தா கொடுப்பதைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'அட்ஜர்ன்' என்ற சொல்லும் நாள் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டிலும் அடுத்த நாளைக் குறித்துக் கொடுக்கும் பொறுப்பு இருக்கிறது.

வக்கீல், ஜாமீன், ஜப்தி, அமீனா, தாசில்தார், ராஜினாமா எல்லாம் அதே வழியில் வந்தவைதாம். இவற்றால் தமிழ் அழிந்துவிட்டதா? 'ஒத்திவைப்பு' இருக்கிறதே என்பீர்கள். நல்ல சொல், நானும் எழுதுகிறேன். என் சண்டை அதனோடு இல்லை. பொய்யான வேர் சொல்லிக் கைதட்டல் வாங்குவதோடுதான்.

இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்கள் என் அப்பாவைப் பார்த்ததில்லை. பாகப்பிரிவினை வழக்கு. டவாலி முதல் முறை பெயரைக் கூப்பிடும்போதே துண்டை இறக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார். சில நொடிகளில் வெளியே வருவார். குமாஸ்தா கேஸ் கட்டின்மேல் எழுதும் தேதியைத் தன் சிறிய நோட்டிலும் எழுதி, அடியில் ஒரு கோடு இழுப்பார். அந்தத் தேதியை அவர் நீதிமன்றம் கொடுத்த வாக்காகவே நம்பினார். வாக்கு என்று நான் சொல்வது அகராதியைப் பார்த்து மட்டுமல்ல.

வழக்குகள் குவிந்திருக்கின்றன, நீதிபதிகள் போதவில்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் ஆணை, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் அந்த வரம்பை ஏற்றுக்கொண்டது. கட்சிக்காரரின் கையை மீறிய நெருக்கடிகளுக்கு மட்டுமே இடம் விட்டது. வக்கீலுக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை இருப்பது வாய்தாவுக்குக் காரணமாகாது என்றும் அதே ஆணை சொல்கிறது. அப்பாவின் வழக்கில் எதிர்த்தரப்பு பெரும்பாலும் சொன்ன காரணம் அதுதான். ஒவ்வொரு முறையும் தேதி கொடுத்தார்கள்.