ஆர்.இ.யு. எல்லாருக்கும் இல்லை

"பறக்கும் டாக்சி ஆய்வுக்கு அமெரிக்காவே உதவித்தொகை தரும், நம்ம என்டியு (சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) பிள்ளைகளும் விண்ணப்பம் போடலாம், ஆனால் விமானப் பொறியியல் படித்திருக்கணும்" என்று இங்கே ஒரு அண்ணன் எழுதியது இரண்டு இடத்தில் தப்பு. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்.இ.யு. (இளநிலை மாணவர்களுக்கான ஆய்வு அனுபவத் திட்டம்) பணத்தில் சேர அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தரவாசமோ வேண்டும். சிங்கப்பூர் பாஸ்போர்ட் மட்டும் இருந்தால் போதாது. விண்ணப்பத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்புறம், விமானப் பொறியியல்தான் படித்திருக்கணும் என்பதில்லை. பேட்டரி சூடாவது, ரோட்டர் இரைச்சல், அடுக்குமாடிப் புளோக்குகளுக்கு நடுவே காற்று சுழல்வது, இதெல்லாம் கணினி, இயந்திரவியல் மாணவர்களுக்கும் உள்ள வேலைதான். 2019-இல் மரினா பே மேல் வோலோகாப்டர் என்ற பறக்கும் டாக்சி பறந்தது நம் ஊரில்தானே! என்டியு மாணவர் என்றால் அங்கேயே யுரேக்கா என்ற இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது, வான்போக்குவரத்து மேலாண்மை ஆய்வு நிலையமும் அதே வளாகத்தில்தான். முதலில் அங்குள்ள பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டச் சொல்லுங்கள்.