வெள்ளை வெளேர் என்று

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அக்கா மகளுக்கு 15 வயது. ஒரு வருஷமாகத் தனக்கென்று ஒரு மொழி செய்துகொண்டிருக்கிறாள். போன சனிக்கிழமை நோட்டைக் கொண்டுவந்தாள். “மாமா, பெயர்ச்சொல் எந்த ஒலியில் தொடங்குகிறதோ அதே ஒலியை வினைச்சொல்லும் முன்னால் ஒட்டிக்கொள்ளும். இதுவரை யாருமே செய்யாதது” என்றாள்.

“பள்ளிக்கூடத்தில் ஜூலு படிக்கிறாயே, ‘அபந்து பயஹம்பா’ என்று சொல்லிப் பார்” என்றேன். மனிதர்கள் போகிறார்கள் என்று அர்த்தம். அபந்துவில் இருக்கிற ‘ப’ வினையின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாம் ‘போகிறார்கள்’ என்று வாலில் ஒட்டுவதை அவர்கள் தலையில் ஒட்டுகிறார்கள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தினமும் கேட்கிற மொழி!

மொழி செய்கிறவர்கள் பலரும் அபூர்வமான இலக்கணத்தைத் தேடி எங்கெங்கோ போகிறார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களுக்காகக் கிளிங்கான் மொழியைச் செய்த மார்க் ஒக்ராண்ட் செயப்படுபொருளை முதலிலும் எழுவாயைக் கடைசியிலும் வைத்தார். உலக மொழிகளில் மிக அரிதான வரிசை அது. எல்லா நாட்டாருக்கும் பொதுமொழியாகச் சாமென்ஹாஃப் 1887-இல் வெளியிட்ட எஸ்பெராந்தோ நேர் எதிர்: 16 விதிகள், விதிவிலக்கே கிடையாது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதி, அதில் வரும் குவென்யா மொழியைச் செய்த டோல்கியன் பிறந்தது நம்முடைய புளூம்ஃபான்டைனில்தான், 1892-இல். சின்ன வயதிலேயே இங்கிலாந்து போய்விட்டார். பின்னாளில் அவரை மயக்கியது பின்லாந்து மொழியின் ஓசை. இவர்களுடைய உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு மொழி செய்யும் பிள்ளைகள் வேற்றுமை, காலம், சொல்வரிசை என்று கட்டம் போட்டு நிரப்புவதோடு நின்றுவிடுகிறார்கள். மொழிகளை ஒப்பிடும் அட்டவணைகளிலும் தமிழுக்குக் கிடைப்பது ‘ஒட்டுநிலை மொழி, வினை கடைசியில்’ என்கிற ஒரு வரிதான். அந்தக் கட்டங்களில் ‘சோ’ என்று பெய்கிற மழைக்கு இடம் எங்கே?

எங்கள் ஆயா டர்பனின் வார்விக் காலைச் சந்தையில் கீரை விற்றவர். பக்கத்துக் கடையில் ஒரு ஜூலு அம்மா. லீவு நாளில் நாங்கள் போய்ச் சத்தம் போட்டால் ஆயா “கப்சிப்னு இருங்க” என்பார். அந்த அம்மா “துலானி, நிதி ச்வாக்கா” என்பார். அந்த ‘ச்’ நாம் அனுதாபத்தில் உச்சுக் கொட்டுகிறோமே, அதே ஒலி. நமக்கு அது வெறும் உச்சுக் கொட்டல், அவர்களுக்கு எழுத்து. ‘ச்வாக்கா’ என்றால் துளிச் சத்தமில்லாத அமைதி. ‘நிதி’ என்பதில் இருக்கிற ‘தி’ தான் விஷயம். அதற்குப் பொருள் ‘சொல்’. நம்முடைய ‘கப்சிப் என்று’ என்பதில் இருக்கிற ‘என்’ என்ற வினைக்கும் பொருள் அதுவே. வாயை மூடு என்பதற்கு ‘சொல்’ என்ற வினையை, ஒன்றோடொன்று உறவே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. நிறத்தையும் பாருங்கள். நமக்கு வெள்ளை வெளேர். அவர்களுக்கு ‘ம்ஹ்லோபே க்வா’. க்வா வெள்ளைக்கென்றே இருக்கிற சொல், வெளேர் மாதிரியே.

இந்த வகைச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் ‘ஐடியோஃபோன்’ என்ற பெயரை 1935-இல் நிலைநிறுத்தியவர் கிளெமென்ட் டோக். ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்துகொண்டு ஜூலு முதலான பாந்து மொழிகளை ஆராய்ந்தவர். தொல்காப்பியர் அவருக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, ‘என’ என்ற சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகிய ஆறோடும் வரும் என்று இடையியலில் எழுதிவிட்டார். இசையும் குறிப்பும் பண்பும் தனித்தனியாக அவர் கண்ணில் பட்டிருக்கின்றன! நம் வகுப்புகளில் இது இரட்டைக்கிளவி என்ற பெயரில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிப்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

12 ஆட்சிமொழிகள் உள்ள நாட்டில் இருக்கிறோம். பன்னிரண்டாவது 2023-இல் சேர்ந்த சைகை மொழி. அதன் இலக்கணம் கையிலும் முகத்திலும் இருக்கிறது. மொழி செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எது?

சரி, அக்கா மகள் விஷயத்துக்கு வருகிறேன். நோட்டில் புதிதாக ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறாள். ‘சொல்’ என்ற வினையை முதலில் எழுதிவிட்டாள். ஒலிச்சொற்கள் நம் சலசல, கலகல மாதிரி இரட்டையாக வர வேண்டுமா, ச்வாக்கா மாதிரி ஒற்றையாக நிற்க வேண்டுமா என்பதில்தான் இழுபறி. நேற்று இரவு போன் செய்து, ஆயா சொன்ன இரட்டைச் சொற்கள் வேறு என்னென்ன என்று கேட்டாள். எனக்கு நினைவிருந்தவை பதினேழு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள், அவளிடம் கொடுக்கிறேன்.