புகைபோக்கி ஒன்றுதான், அதற்கு ஏன் இரண்டு கணக்கு?

பருவநிலை மாற்றம் என்றதும் நம் கவனம் ஐ.நா. மாநாடுகளுக்குத்தான் போகிறது. உமிழ்வை நிகர பூஜ்யமாக்க 2050, 2070 என்று தலைவர்கள் கெடு சொல்கிறார்கள். அதெல்லாம் தேவைதான். ஆனால் ஒரு ஆலையின் வாசலில் போய் நின்று "கொதிகலனைப் பார்க்க வேண்டும், கதவைத் திறங்கள்" என்று சொல்லும் சட்ட அதிகாரம் அந்த மேடையில் இருக்கும் யாருக்கும் இல்லை. அது உள்ளூர் காற்றுத்தர அலுவலகத்தின் ஆய்வாளருக்குத்தான் இருக்கிறது. பருவநிலைப் பாதுகாப்பில் இவர்களை நாம் ஓரமாக உட்கார வைத்திருக்கிறோம் என்பது என் ஆதங்கம்.

எந்த ஆலையில் எத்தனை கொதிகலன், என்ன எரிபொருள், வருடத்துக்கு எவ்வளவு எரிக்கிறார்கள் என்பதெல்லாம் இவர்களின் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் கார்பன் டை ஆக்சைடும் பெரும்பாலும் ஒரே எரிப்பிலிருந்து, ஒரே குழாய் வழியாகத்தான் வெளியே வருகின்றன. முதல் இரண்டை மட்டும் எழுதிக்கொண்டு மூன்றாவதைக் கண்டும் காணாமல் விடுவதில் என்ன நியாயம்?

கலிஃபோர்னியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2015 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே அலிசோ கேன்யன் என்ற நிலத்தடி எரிவாயுச் சேமிப்பிடத்தில் ஒரு கிணறு கசியத் தொடங்கியது. பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குத் தலைவலி, குமட்டல், மூக்கில் ரத்தம். அவர்கள் கூப்பிட்டது பருவநிலை விஞ்ஞானிகளை அல்ல. வட்டாரக் காற்றுத்தர அமைப்புக்கு "நாற்றம் தாங்கவில்லை" என்று புகார் மேல் புகார் கொடுத்தார்கள். பொதுத் தொல்லை என்ற பழைய சட்டப் பிரிவை வைத்து அந்த அமைப்பு நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2016 ஜனவரியில் அதன் விசாரணைக் குழு, தொல்லையைக் குறைக்கச் சொல்லும் தணிப்பு உத்தரவே போட்டது. பிப்ரவரியில் கிணற்றை அடைப்பதற்குள் வெளியேறிய மீத்தேன் ஏறத்தாழ 1 லட்சம் டன். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றக் கூடியது. மக்கள் நாற்றம் என்று சொன்னது அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய எரிவாயுக் கசிவுகளில் ஒன்று. அந்தப் புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் அலுவலகம் பக்கத்திலேயே இருந்தது என்பதைச் சின்ன விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

அதே மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி அமைப்பு 2008இலேயே ஆலைகளிடம் பசுங்குடில் வாயுவுக்குக் கட்டணம் வாங்க முடிவு செய்தது. டன்னுக்கு 4.4 சென்ட். இந்தக் காசுக்குப் பயந்து யாரும் உமிழ்வைக் குறைக்கப்போவதில்லை, உண்மைதான். ஆனால் காசு வாங்க வேண்டுமானால் முதலில் எண்ண வேண்டும். எண்ண ஆரம்பித்தாலே பாதி வேலை நடந்த மாதிரி.

பிறகு 2017இல் வந்தது எனக்கு இன்னும் ஜீரணமாகாத முடிவு. ஆலைகள் உமிழ்வு உரிமங்களை வாங்கி விற்கும் ஏற்பாடான மாநிலத்தின் கார்பன் சந்தைத் திட்டத்தை நீட்டித்த சட்டம், அந்தச் சந்தைக்குள் வரும் ஆலைகளின் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்க வட்டார அமைப்புகள் தனியாக விதி போடக்கூடாது என்று தடுத்துவிட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் உமிழ்வுக்கு உச்சவரம்பு கொண்டுவர விரிகுடாப் பகுதி முயன்றுகொண்டிருந்த நேரம் அது. கார்பன் எங்கே குறைந்தாலும் பூமிக்கு ஒன்றுதான், ஓர் ஊரில் மட்டும் இறுக்கினால் உற்பத்தி அடுத்த ஊருக்கு ஓடிவிடும் என்பது எதிர்த்தரப்பு வாதம். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆலை நிர்வாகம் சந்தையில் உரிமம் வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும்போது, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வசிப்பவர் சுவாசிக்கும் புகை அப்படியேதானே இருக்கிறது? அளவை மாநிலமே வகுக்கட்டும். அதற்குக் கீழே ஊர் இன்னும் இறுக்கிக்கொள்ளும் உரிமையை ஏன் பிடுங்க வேண்டும்?

அப்புறம் 2023 மார்ச்சில் விரிகுடாப் பகுதி அமைப்பு வேறு வழி பிடித்தது. எரிவாயுவில் ஓடி நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடும் வீட்டு வாட்டர் ஹீட்டர்களை 2027 முதல் விற்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. விதியில் இருப்பது புகைமூட்டத்துக்கு எதிரான பழைய அதிகாரம்தான். அதோடு சேர்ந்து கார்பனும் குறையும்.

புகையையும் கார்பனையும் தனித்தனியாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பா பட்டுத் தெரிந்துகொண்டது. கார்பன் குறைவு என்று டீசல் கார்களை ஊக்குவித்தார்கள். பிரிட்டனில் 2001இல் புதிய கார்களுக்கான வரியையே கார்பன் கணக்கில் போட ஆரம்பித்தார்கள். நகரங்களின் தெருக்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு நிறைந்தது, பிள்ளைகளின் நுரையீரல் விலை கொடுத்தது. அந்த வரியை முடிவு செய்யும்போது தெருவின் காற்றை அளப்பவரின் பேச்சுக்கு உரிய எடை கொடுத்திருக்க வேண்டும்.

நான் கேட்பது புதிய துறை அல்ல. ஆலைக்குக் கொடுக்கும் அனுமதிப் படிவத்தில் கார்பன் டை ஆக்சைடுக்கும் மீத்தேனுக்கும் தனித்தனியாக ஒரு கட்டம், அதை நிரப்பச் சொல்லும் அதிகாரம், நேரில் போய்ச் சரிபார்க்கப் போதுமான ஆய்வாளர்கள். உங்கள் ஊரில் ஆலை விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், அந்தக் கட்டம் எங்கே என்று எழுந்து நின்று கேளுங்கள்.