ஆமாம், பச்சோந்திக்குத்தான் வைத்தியம் பார்க்கிறேன்

அந்தப் படம் உங்களில் பாதிப் பேருக்காவது வந்திருக்கும். ஆட்டோவில் மடியில் அட்டைப்பெட்டியோடு நான். கீழே, 'வியாசர்பாடி அண்ணன் ஓணானுக்கு ஐசியூ தேடுகிறார்'. ஏரியா வாட்ஸ்அப் குழுவில் கிளம்பி, சொந்தக்காரர்கள் குழுவுக்கு வந்து, கடைசியில் என் மகள் கண்ணிலும் பட்டுவிட்டது. போட்டது யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். விடுங்கள்.

அது ஓணான் இல்லை, பச்சோந்தி. உடம்புக்கு முடியவில்லை, மருந்து கொடுக்கிறோம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

'பச்சோந்தி வளர்த்தால் உள்ளே போவாய்' என்கிறார் ஒருவர். நம் ஊர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்த்தால் குற்றம்தான். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எனக்கும் தெரியும். இது ஏமன் பக்கத்து இனம். கூட வேலை பார்த்தவர் துபாய் போகும்போது விட்டுப்போனது. 2024இல் வந்த விதிப்படி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்த காகிதம் பீரோவில் இருக்கிறது. வீட்டுக்கு வாருங்கள், டீயும் தருகிறேன், காகிதமும் காட்டுகிறேன்.

அவர் வீட்டில் அதைப் பழைய மீன் தொட்டியில் வைத்திருந்தார்கள். 'ஜன்னலோரம்தானே வைத்திருந்தோம்' என்றார். கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், வெயிலில் இருக்கிற யூவிபி என்கிற புற ஊதாக் கதிர் வராது. அந்தக் கதிர் தோலில் படாவிட்டால் வைட்டமின் டி3 இல்லை, டி3 இல்லாவிட்டால் தின்கிற கால்சியம் உடம்பில் சேராது. அப்புறம் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ ஆரம்பித்துவிடும். என்னிடம் வரும்போதே முன்கால் வளைந்திருந்தது. இப்போது நாக்கும் போய்விட்டது. எதிரே இருக்கிற வெட்டுக்கிளியைக் குறிபார்க்கும், வாயைத் திறக்கும், நாக்கு பாதி வந்து தொங்கும். அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். பட்டப்பகலில் பச்சோந்தி கண்ணை மூடிக் கிடந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது சீந்தாது. சலைன் டியூபைக் கட்டித் தொங்கவிட்டு, செம்பருத்தி இலையில் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். கால்சியம் மருந்து ஊசியில்லாத சிரிஞ்சில், வாயோரமாக. தாடை ரப்பராகிவிட்டது, கொஞ்சம் அழுத்தினால் ஒடிந்துவிடும் என்று என் கைதான் நடுங்குகிறது.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் 'நாய், பூனை மட்டும்தான்' என்றார்கள். சரி, தெரியாததைத் தெரியாது என்றார்கள். வாசலைத் தாண்டியதும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டதே, அதைத்தான் மறக்க முடியவில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் யாரும் சிரிக்கவில்லை. 1903இலிருந்து இருக்கிற கல்லூரி, எத்தனை விதமான உயிரைப் பார்த்திருப்பார்கள்! எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள், எலும்பு இருக்கிற இடமே மங்கலாகத்தான் தெரிந்தது.

என் அப்பா புறா விட்டவர். வடசென்னையில் புறாப் பந்தயத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹோமர் என்கிற பந்தயப் புறா ஒன்று கழிச்சலில் சுருண்டபோது ராத்திரி முழுக்க மடியில் வைத்து, பூண்டை நசுக்கி, அலகைப் பிரித்து ஊட்டினார். தெருவே மொட்டைமாடிக்கு வந்து 'எப்படிண்ணே இருக்கு?' என்று விசாரித்தது. ஏனென்றால் புறா பறந்தால் கப்பு வரும், ஏரியாவுக்குப் பேர் வரும். பச்சோந்தியால் ஒன்றும் வராது. அதுதானே உங்கள் பிரச்சினை? ஓணானுக்குச் சுருக்குப் போட்டு, மூக்குப்பொடி வைத்து ஆடவிட்டு ரசித்த கூட்டம்தானே நாம். கேட்டால், ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று ஒரு கதை வேறு.

'அந்தக் காசில் நாலு ஏழைக்குச் சோறு போடலாமே.' சோறு போடுகிறவர் சொல்லியிருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்பேன். சொன்னவர் பைக் சைலன்சரை மாற்றி ராத்திரியில் தெருவை எழுப்புகிறவர்.

'கூண்டில் அடைப்பதே பாவம்' என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அதை அப்புறம் பேசுவோம், முதலில் அது பிழைக்கட்டும்.

உண்மையில் எனக்கு உறுத்துவது ஓணான்கூட இல்லை, அந்த 'வியாசர்பாடி'. இதே பெட்டியோடு ஒருவர் அடையாறில் காரிலிருந்து இறங்கியிருந்தால் 'என்ன மனசுங்க!' என்று உருகியிருப்பீர்கள். எங்களுக்குக் கானா, கேரம், ஃபுட்பால், படத்தில் காட்டினால் கையில் கத்தி, அவ்வளவுதான். வெளியாள் அப்படிக் காட்டினால் கொதிக்கிறோம் இல்லையா? இந்தப் படத்தைப் போட்டது நம்ம ஆள். பழகிய ஆள். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய ஆள்.

பச்சையப்பன் என்று அதற்குப் பெயர் வைத்தது என் மகள். இப்போது அவளை வகுப்பில் 'ஓணான்' என்று கூப்பிடுகிறார்களாம். உங்கள் ஜோக் நன்றாகத்தான் ஓடுகிறது, வாழ்த்துகள்.

'அந்தப் பழைய பதிவை எடுத்துடுங்க மாமா, அசிங்கமா இருக்கு' என்கிறான் மச்சான். எடுக்க மாட்டேன். அந்தக் கதிர் தரும் யூவிபி டியூப் லைட் கிடைக்குமா என்று கேட்டுப் போட்ட பதிவு அது. சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் அத்தனை பேர், டியூப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். வருஷக்கணக்கில் எரிந்தது மட்டும் வேண்டாம், வெளிச்சம் வரும், கதிர் வராது.