இடித்த கான்கிரீட்டும் புது ஜல்லியும்

கிருஷ்ணகிரியில் அப்பா கட்டிய மெத்தை வீட்டை இடித்தபோது, காலையில் கான்கிரீட் இடிபாட்டை அள்ளிக்கொண்டு போய் ஏரிக்கரையில் கொட்டிய அதே டிப்பர், மாலையில் கல் உடைக்கும் கிரஷரிலிருந்து முக்கால் அங்குல ஜல்லியை ஏற்றிவந்து எங்கள் மனையில் இறக்கியது. இரண்டு நடைக்கும் வாடகை கொடுத்தவன் நான்தான். அந்த இடிபாட்டையே உடைத்து மறுபடி ஜல்லியாக்கியிருக்கலாமே என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.

ஏரிக்கரைக்குப் போன இடிபாட்டில் இருந்ததும் நம் மாவட்டத்து மலைக்கல்தான். நாற்பது ஆண்டுகள் தூணுக்குள் இருந்ததால் கருங்கல் வலுவிழந்துவிடாது. அதன்மேல் ஒட்டியிருக்கும் பழைய கலவை மட்டும் நுண்துளைகள் நிறைந்தது, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். முன்கூட்டியே நனைக்காமல் கலந்தால் கான்கிரீட் சீக்கிரம் இறுகி, வேலைக்கு வராது. மேஸ்திரிகள் தயங்குவதற்கு இதுவே காரணம். நியாயமான தயக்கம்தான், ஆனால் தீர்க்கக்கூடியது.

ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383, 2016-இல் திருத்தப்பட்டபோதே இதற்கு வழிவிட்டது. சுத்தமான கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியை, கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்-25 என்ற வலிமைத் தரம் வரை 20 சதவீதமும், கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதமும், கடக்கால் அடியில் போடும், சிமெண்ட் குறைந்த மெலிந்த கலவையில் முழுமையாகவும் சேர்க்கலாம். செங்கல்லும் பூச்சும் கலந்த இடிபாட்டுக்கு மெலிந்த கலவையில் மட்டுமே இடமுண்டு. ஆகவே இடிக்கும் நாளிலேயே கான்கிரீட்டைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். எல்லாம் கலந்து குவிந்த பிறகு அதன் பயன் பெருமளவு போய்விடும். மேட்டூரில் அனல்மின் நிலையம் இருப்பதால், நிலக்கரி எரிந்து உலையின் அடியில் தங்கும் அடிச்சாம்பலை ஜல்லிக்குப் பதிலாகச் சிலர் சொல்வார்கள். அதற்கும் மெலிந்த கலவையில் கால் பங்குதான் அனுமதி.

நம் பகுதியில் கிரஷர் அருகிலேயே இருப்பதால் புது ஜல்லியோடு விலையில் போட்டியிடுவது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பும் ஓசூரில், இடிபாடும் தேவையும் ஒரே ஊரில் இருக்கின்றன. அங்கே ஓர் உடைப்பு ஆலையை அமைத்து, இடிப்பு அனுமதியோடு கான்கிரீட்டைப் பிரித்துத் தருவதையும் மாநகராட்சி நிபந்தனையாக்க வேண்டும் என்று கேட்கிறேன். புது ஜல்லிக்காக உடைக்கும் மலை ஒருமுறைதான்; நம் மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பழங்காலக் கல்திட்டைகளைச் சுமந்து நிற்கும் பாறை போன்றவை மறுபடி விளைவதில்லை.

எங்கள் பழைய மாட்டுக்கொட்டகைத் தளத்தை அடுத்த மாதம் பெயர்க்கிறோம். அதை ஒன்றரை அங்குல ஜல்லி அளவுக்கு உடைத்து, சலித்து, நனைத்து, சுற்றுச்சுவர்க் கடக்காலின் அடியில் போட மேஸ்திரி சம்மதித்திருக்கிறார்.