வரிசைக்கே வராத டிக்கெட்டுகள்

பிளாக்கில் டிக்கெட் விற்பவருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அவருடைய லாபம் எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் அவரை ஏசுவதில் பயனில்லை. ரசிகர்களின் மனக்கசப்புக்கு அஞ்சியோ, அரங்கு நிறைய வேண்டும் என்றோ அமைப்பாளர் விலையைக் குறைத்து வைக்கிறார். அந்த விலைக்கும் கூட்டம் கொடுக்கத் தயாராக இருக்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் பிளாக்கில் விற்பவரின் வருமானம்.

அதிகம் விரும்புகிறவருக்கு இருக்கை போய்ச் சேருவதில் என்ன தவறு என்று பொருளியல் பேசுவோர் கேட்பார்கள். விலை விருப்பத்தை மட்டுமா அளக்கிறது? சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் மூட்டை தூக்குபவரின் கிரிக்கெட் பித்து, நகைக்கடை முதலாளியின் பித்துக்குக் குறைந்ததல்ல.

முன்பெல்லாம் சேப்பாக்கம் கவுன்ட்டரில் விடிய விடிய நின்றால்தான் டிக்கெட். சேலத்திலிருந்து ஏறத்தாழ 340 கிலோமீட்டர் போய் அப்படி நிற்க முடியாதவர்களுக்கு, பிளாக்கில் விற்றவர் ஒரு வகையில் பதிலாக நின்றவர். கூடுதல் பணத்தை அவருடைய கால்கடுப்புக்கான கூலி என்றாவது சொல்லிக்கொள்ளலாம். விற்பனை இணையத்துக்கு வந்தபின் அந்தத் தூரம் இல்லாமல் போனது. இப்போது பல கணக்குகளையும் தானியங்கி மென்பொருளையும் வைத்து அள்ளுபவர், இல்லாத தூரத்தைத் தானே உண்டாக்கி அதற்குக் கட்டணம் கேட்கிறார். 2024 செப்டம்பரில் கோல்ட்ப்ளே இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சிக்கு 2,500 ரூபாயிலிருந்து விற்ற டிக்கெட்டுகள், மறுவிற்பனையில் லட்சங்களைத் தொட்டன. அமலாக்கத்துறை சோதனை வரை விவகாரம் போனது.

இதைவிட என்னை உறுத்துவது நம் ஊர்த் தியேட்டர்களில் நடப்பது. பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் முதல் காட்சி டிக்கெட்டுகள் கட்டுக்கட்டாக ரசிகர் மன்றத்தினர் கைக்குப் போய்விடுகின்றன. வாசலில் கிழித்துத் தரும் சீட்டில் அச்சிட்ட விலை ஒன்று, நாம் கொடுத்த தொகை வேறு. வித்தியாசத்துக்கு ரசீதும் கிடையாது, வரியும் கிடையாது. (முதல் காட்சியே பார்த்தாக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதிவு புரியாது.)

குறிப்பிட்ட பெரிய அரங்குகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதை அயர்லாந்து 2021-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. ரயிலைப் போலப் பெயரும் அடையாள அட்டையும் கேட்கலாம். ஆனால் தத்கலில் அது மட்டும் போதாமல்தான் 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்ப்பும் வந்தது. பெயரைக் கட்டாயமாக்கினால், வர முடியாதவரின் டிக்கெட்டை அதே விலைக்கு அமைப்பாளரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, மொத்த இருக்கைகளில் பொதுமக்களுக்கு எத்தனை, விளம்பரதாரர், மன்றம், வேண்டப்பட்டவர் என்று ஒதுக்கியது எத்தனை என்பதை விற்பனை தொடங்கும் முன்பே வெளியிடச் சொல்ல வேண்டும். அதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.