ஏர்மேன்களையும் கூப்பிடுங்கள்

நீங்கள் படத்தோடு வெளியிட்ட, ஓய்வுபெற்ற மிக்-21 போர் விமானத்தின் விமானி ஒருவர் தன் பழைய ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) நண்பர்களைப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சந்தித்த கதை நன்றாக இருந்தது, சரி, ஆனால் படத்தில் இருப்பவர்கள் எல்லாருமே விமானிகள்தானே? எங்கள் பெரியப்பா, கடலூர் முதுநகர்க்காரர், அதே மிக்-21க்குத் தரையில் வேலை பார்த்த ஏர்மேன். ஒற்றை இருக்கை, ஒற்றை இன்ஜின், மேலே போய்விட்டால் விமானி தனி ஆள். அவரை இருக்கையில் பெல்ட் போட்டு இறுக்கி, அவசரத்தில் வெளியே தூக்கி எறிகிற அந்த சீட்டின் பாதுகாப்பு ஊசிகளை எடுத்தாகிவிட்டதா என்று பார்த்து அனுப்பியது பெரியப்பா மாதிரி ஏர்மேன்கள்தான். 1963-ல் இந்திய விமானப்படைக்கு வந்த அந்த விமானம் 2025 செப்டம்பரில் சண்டிகரில் விடைபெற்ற அன்று பெரியப்பா டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை, சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெரியம்மாவுக்குத்தான் அலுத்துவிட்டது. அடுத்த சந்திப்புக்கு ஏர்மேன்களையும் அழையுங்கள் சார். பெரியப்பா கடலூரில் பஸ் ஏறினால் வந்துவிடுவார்.